எல்லாக் கையும் மேலே

2011 அக்டோபர் 20

யாங் டீச்சர் அவர்களுக்கு,

நேற்று மத்தியானத்திலிருந்து நீங்கள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரெதிர் மேசை நமக்கு. நடுவில் நோட்டுகளை அடுக்கி மதில் கட்டிவிட்டீர்கள். பள்ளிக் கணினியில் செய்தி அனுப்பினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று முதல் வாரமே எச்சரித்தவர் நீங்கள்தான். அதனால் கையால் எழுதி உங்கள் இழுப்பறைக்குள் வைக்கிறேன்.

கோபப்பட வேண்டியவள் நான். நீங்கள் எப்படி முந்திக்கொண்டீர்கள்?

கனடாவிலிருந்து இந்தக் கொரியக் கடலோர ஊருக்கு நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தேன். நாடகம் போட வரவில்லை. பெற்றோர் வந்து பின்னால் நின்று பார்க்கும் திறந்த வகுப்பு என்றீர்கள், சரி என்றேன். நாலாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரே பாடத்தை மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். மூன்றாவது ஒத்திகையில் நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஒருவன் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நேற்று, நான் என்ன கேட்டாலும் இருபத்துமூன்று கையும் சேர்ந்து மேலே போனபோது, ஒரு கேள்வியாவது நிஜமாக இருக்கட்டும் என்று தோன்றியது. யாரைக் கூப்பிடுவது என்பதை நீங்களே பார்த்துக்கொள்வதாக எழுதி வைத்திருந்தீர்கள். அந்தத் தாளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கடைசி வரிசை தாசோமை நானே கூப்பிட்டேன். நாற்காலியிலிருந்து விழுந்துவிடுவாளோ என்கிற அளவுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். பிடித்த பருவம் எது, ஏன் என்றுதான் கேட்டேன்.

அவள் எழுந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில், "நான் நலம், நன்றி, நீங்கள் நலமா?" என்று ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மாமார்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பின்சுவரோரம் நின்ற ஒரு மனிதர் கதவைத் திறந்து வெளியே போனார். அவர் அவளுடைய அப்பா என்று பிறகுதான் தெரிந்தது.

இடைவேளையில் முன்வரிசைப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்து, பாதி ஆங்கிலம் பாதி ஜாடையில் சொன்னாள்: "டீச்சர், ஏன் தாசோமைக் கூப்பிட்டீங்க? அவ தூக்கினது இடது கை! தெரிஞ்சா வலது, தெரியலைன்னா இடது. யாங் டீச்சர் இடது கைய கூப்பிடவே மாட்டாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெற்றோரை ஏமாற்ற ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி! இதற்கு நான் உடந்தையாக மாட்டேன். நடந்ததை எழுதி, உங்கள் பெயரைப் போட்டே, உதவித் தலைமையாசிரியர் ஹுவாங்கிடம் இன்று காலை கொடுத்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. அதனால் உங்களிடமும் சொல்கிறேன்.

மோர்னா கில்லிஸ்


2011 அக்டோபர் 21

மோர்னா டீச்சருக்கு,

ஆங்கிலத்தில் பாடம் நடத்த எனக்கு அகராதி வேண்டாம். சண்டை போடத்தான் வேண்டியிருக்கிறது. பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அதில் இல்லாத வசவுகளும் எனக்குத் தெரியும், நீங்கள் பிழைத்தீர்கள்.

ஏமாற்று வேலை என்கிறீர்கள். யாரை ஏமாற்றினோம்? தாசோமின் அப்பா கடலில் தின்கிற பாசி வளர்க்கிறவர். இது வலை கட்டுகிற பருவம்; ஒரு நாள் கரையில் நின்றால் ஒரு நாள் போச்சு. அந்த மனிதர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். சலவைக் கடைச் சீட்டு கழுத்துப் பட்டையில் அப்படியே குத்தியிருந்தது, கவனித்தீர்களா? அவருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தெரியாது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்கள் பார்ப்பது தங்கள் பிள்ளையின் கை மேலே இருக்கிறதா, அது ஒன்றுதான். ஐந்து கேள்விக்கு அவர் மகளின் கை எல்லாரோடும் சேர்ந்து மேலே இருந்தது. ஆறாவது கேள்விக்கு நீங்கள் கூப்பிட்டீர்கள். தெரியாத பிள்ளையும் கூச்சப்படாமல் கை தூக்க ஒரு வழி இருந்தது. அதை நாற்பது பேர் முன்னால் பிடுங்கிப் போட்டீர்கள். நல்லா இருக்கிறது உங்கள் நேர்மை!

இடது கை எனக்கு என்ன சொல்கிறது என்று கேட்டீர்களா? எந்தப் பிள்ளைக்கு எது புரியவில்லை என்று அதுதான் சொல்கிறது. வாயைத் திறந்து "தெரியலை டீச்சர்" என்று சொல்கிற பிள்ளை இந்த ஊரில் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் பள்ளி முடிந்த பிறகு ஏழு பேரை உட்கார வைத்துக்கொள்கிறேனே, யார் அவர்கள் என்று நினைத்தீர்கள்? அந்த ஏழும் இடது கைதான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நான் நிரந்தர ஆசிரியை இல்லை. பதினோரு வருஷமாக ஒவ்வொரு பிப்ரவரியும் ஒப்பந்தம் முடியும், மார்ச்சில் யாராவது மனம் வைத்தால் புதிதாகக் கையெழுத்தாகும். மனம் வைக்க வேண்டியவர் ஹுவாங். உங்கள் கடிதம் இப்போது என் கோப்பில் உட்கார்ந்திருக்கிறது. குளிருக்கு உங்கள் அறையில் தரை சூடாகவில்லை என்று நீங்கள் அழுதபோது வந்து பொத்தானை அழுத்திக் காட்டினேன். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தேன். என் தலையில் மண்ணைப் போட மட்டும் உங்களுக்கு என் உதவி தேவைப்படவில்லை.

வகுப்பில் பின்னால் நிற்பேன். பிள்ளைகளோடு பேசுவேன். உங்களோடு பேச ஒன்றும் இல்லை.

யாங் ஹேசுக்


2011 அக்டோபர் 25

யாங் டீச்சர் அவர்களுக்கு,

ஒப்பந்த விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் முதலில் உங்களிடம்தான் வந்திருப்பேன்.

ஆனால் தெரியாது, தெரியாது என்று நான் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பது? எந்தச் செருப்பை எந்த வாசலில் கழற்ற வேண்டும் என்று சொன்னீர்கள். எந்தக் குப்பையை எந்தப் பையில் கட்ட வேண்டும், கோப்பையை இரண்டு கையாலும் வாங்க வேண்டும், எல்லாம் சொன்னீர்கள். என் வயது என்ன, ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று சமையற்கட்டு அம்மா வரைக்கும் கேட்டாயிற்று. நான் நடத்துகிற வகுப்பில் என்ன நடக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இருபத்துமூன்று பிள்ளைகளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது! வெள்ளைக்கார முகம் ஒன்று பெற்றோர் முன்னால் நின்றால் போதும், அது வாயசைத்தால் போதும் என்றுதானே வைத்திருக்கிறீர்கள்? அதற்கு ஒரு அட்டைப் படத்தை நிறுத்தியிருக்கலாம். இந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று ஹுவாங்கிடம் போய்க் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். என்னை உட்கார வைத்து, ஒரு சின்ன பாட்டில் வைட்டமின் பானத்தைத் திறந்து கையில் கொடுத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேசியபடி சிரித்தார். "மோர்னா டீச்சர் நேர்மையானவங்க. நம்ம பள்ளிக்கு இதுதான் வேணும். கடிதம் பதிவாயிடுச்சு, எடுக்க முடியாது. நீங்க கவலப்படாம குடிங்க" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

தாசோம் என்னைக் கண்டால் தாழ்வாரத்தில் திரும்பி நடக்கிறாள். அவளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எழுதுங்கள். கொரிய மொழியில் எழுதுங்கள், பார்த்துப் படிக்கிறேன். மேசையில் சீமைப் பனிச்சைப் பழம், அந்தத் தக்காளி மாதிரி இருக்குமே, அது ஒரு பை வைத்திருக்கிறேன். சந்தையில் இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து வாங்கினேன்.

மோர்னா


2011 நவம்பர் 9

மோர்னா டீச்சருக்கு,

நீங்கள் வாங்கியது கனிய வைத்துத் தின்கிற பழம். ஒரு மாதம் ஜன்னலோரம் வைக்க வேண்டும். நான் நம்பிக் கடித்துவிட்டேன். மூன்று பாடவேளை நாக்கு மரத்துக் கிடந்தது. மன்னிப்புக் கேட்பதிலும் அவசரம் உங்களுக்கு.

எதுவும் சொல்லவில்லை என்று கோபித்தீர்களே, அது நியாயம். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். வருகிறவர்கள் ஒரு வருஷத்தில் போய்விடுவார்கள், எதற்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டு என்று இருந்துவிட்டேன். இதற்கு மேல் இதைப் பற்றி என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஹுவாங் கூப்பிட்டார். "யாங் டீச்சர், கோவப்படாதீங்க. ஒரே ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. இந்த இடது கை ஏற்பாடு நீங்களா செஞ்சது, பள்ளிக்குத் தெரியாதுன்னு. மார்ச்ல வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டுக்கலாம்" என்றார். கல்வி அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தால் காட்ட அவருக்கு ஒரு காகிதம் வேண்டுமாம். செவ்வாய், வெள்ளி வகுப்பையும் அதுவரை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஏன் தெரியுமா? 2001இல், என் முதல் திறந்த வகுப்புக்கு முதல் நாள், நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அந்தப் பள்ளியில் மூத்த ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எதுக்கும்மா அழுவுற? பெத்தவங்களுக்கு இங்கிலீஷா தெரியப் போவுது? அவங்க பாக்குறது கைய. எல்லாக் கையும் மேல இருக்கணும். தெரிஞ்சவன் வலது, தெரியாதவன் இடது. ஒரு பிள்ளையும் தலை குனியக் கூடாது, அவ்வளவுதான் வித்த" என்றார். நல்ல மனிதர் என்று அன்றைக்கு நினைத்தேன். அன்றைக்கு நல்ல மனிதர்தான்.

அந்த ஆசிரியர்தான் இந்த ஹுவாங்.

தாசோமிடம் சொல்ல வேண்டியதைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மூன்றே வரி. தப்பாகப் படித்தாலும் பரவாயில்லை, சிரிக்கட்டும்.

யாங் ஹேசுக்


2011 நவம்பர் 28

யாங் டீச்சர் அவர்களுக்கு,

எழுதிக் கொடுத்துவிடுங்கள்!

மூன்று வாரமாக உங்கள் முகத்தைப் பார்க்கிறேன். நீங்கள் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் திருப்பிக் கொடுப்பதைப் பார்க்கிறேன். ஒரு பக்கம்தானே? அந்த ஆளுக்கு வேண்டிய பொய்யை எழுதி முகத்தில் எறியுங்கள். உங்கள் வேலையை விட அந்தக் காகிதம் பெரிதில்லை. என் கடிதத்தால் உங்கள் வேலை போனால் நான் இந்த ஊரில் எந்த முகத்தோடு இருப்பேன்?

தாசோமிடம் மூன்று வரியையும் படித்தேன். நான் என்ன படித்தேனோ, கடவுளுக்கே வெளிச்சம். அவள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என்னைத் திருத்தினாள். "டீச்சர் வாய் ஏன் இப்படிப் போவுது? மறுபடி சொல்லுங்க, மறுபடி" என்று ஜாடை காட்டி ஆறு முறை சொல்ல வைத்தாள். இப்போது செவ்வாய்க்கிழமை ஏழு பேரும் என் அறைக்கு வருகிறார்கள். பெயர் சொல்லாத வகுப்பு, அதனால் யாரும் நிறுத்தச் சொல்ல முடியாது. நான் அவர்களுக்குப் பருவங்கள் சொல்லித் தருகிறேன். அவர்கள் எனக்குக் கை, கால், மூக்கு, காது சொல்லித் தருகிறார்கள். எனக்குத் தெரியாததைக் கேட்டால் நான் இடது கையைத் தூக்க வேண்டுமாம். தாசோமின் சட்டம். அரை மணி நேரமும் என் இடது கை இறங்குவதில்லை.

எழுதிக் கொடுங்கள், தயவுசெய்து.

மோர்னா


2011 டிசம்பர் 1

மோர்னா டீச்சருக்கு,

அக்டோபரில் எனக்கு நேர்மையைப் பற்றிப் பாடம் எடுத்தவர், டிசம்பரில் பொய் எழுதிக் கொடு என்கிறார். கொரியாவின் தண்ணீர் உங்களுக்கு நன்றாக ஒத்துக்கொண்டுவிட்டது!

எழுத மாட்டேன். பதினோரு வருஷம் வயிற்றின் மேல் கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க, செஞ்சிடுறேங்க" என்றே சொல்லியிருக்கிறேன். விருந்தில் இறைச்சி சுட்டு எல்லார் தட்டிலும் போட்டுவிட்டுக் கடைசியில் ஆறின சோறு தின்றிருக்கிறேன். அதெல்லாம் வேலைக்காக. இது வேறு. அந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டால், இடது கை என்பது யாங் ஹேசுக் என்கிற ஒருத்தி செய்த மோசடி என்று ஆகிவிடும். அந்த ஏழு பிள்ளைகளும் என்னோடு மோசடி செய்தவர்கள் ஆவார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுத மாட்டேன்.

22ஆம் தேதி ஆசிரியர் கூட்டம். அங்கே எல்லார் முன்னாலும் கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். கேட்கட்டும். இந்தப் பள்ளியில் இதைச் செய்யாத ஆசிரியர் ஒருவர் இல்லை. யாராவது ஒருவர் வாயைத் திறப்பார்கள். நீங்கள் மட்டும் திறக்காதீர்கள். உங்களுக்குப் புரியவும் புரியாது. பேசாமல் உட்கார்ந்திருங்கள், அது எனக்குப் பெரிய உதவி.

யாங் ஹேசுக்


2012 ஜனவரி 17

யாங் டீச்சர் அவர்களுக்கு,

கூட்டத்துக்குப் பிறகு ஊரிலேயே உங்களைக் காணவில்லை. இதை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. உங்கள் பழைய முகவரிக்கே அனுப்புகிறேன்.

குளிர்கால விடுமுறை. பள்ளியில் ஒரு பிள்ளை இல்லை, ஒரு ஆசிரியர் இல்லை. நான் மட்டும் எட்டரைக்கு வந்து நாலரை வரை உட்கார வேண்டுமாம், ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். வகுப்பு? இல்லை. வேலை? இல்லை. சூடேற்றி? ஒரு ஆளுக்காகப் போட மாட்டார்களாம். கையுறை மாட்டிக்கொண்டு காலி அறையைக் காவல் காக்கிறேன். போன வருஷம் என் இடத்தில் இருந்தவர் விடுமுறையில் வீட்டிலேயே இருந்தாராம். எனக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உங்கள் மேசையைத் துடைத்து வைத்துவிட்டார்கள். மார்ச்சிலிருந்து வேறு ஒருவர் வருகிறார் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. உங்கள் பெயரை எங்கும் காணோம். ஒட்டினதைக் கிழிக்கக் கை துறுதுறுத்தது. நீங்கள் விட்டுப்போன பழங்கள் ஜன்னலோரம் கனிந்துவிட்டன. தனியாகத் தின்றேன்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

மோர்னா


2012 மார்ச் 18

மோர்னா,

டீச்சர் என்று எழுதவில்லை, கவனித்தாயா? இனி நாம் ஒரே பள்ளியில் இல்லை. நான் உன்னைவிட இருபது வயது பெரியவள். நீ என்றே எழுதப் போகிறேன்.

மொக்போ துறையிலிருந்து படகில் ஐம்பது நிமிடம் வந்தால் இந்தத் தீவு. பள்ளியில் மொத்தம் பதினாறு பிள்ளைகள். யாரும் விரும்பி வராத இடம், அதனால் என் கோப்பை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. ஒரு வருஷ ஒப்பந்தம். காற்று மட்டும் காதைப் பிய்க்கிறது. பிழைத்துக்கொள்வேன், நீ மூக்கைச் சிந்தாதே.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் உன் மேல் கோபம் இல்லை. அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதெல்லாம் தாளைக் கிழித்துப் போட்டேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

நான் எழுதித் தர மாட்டேன் என்று சொன்னதும் ஹுவாங் கோபப்படவில்லை. சிரித்தபடியே எல்லாரையும் பார்த்தார். "இந்த இடது கை சமாச்சாரம் இங்க வேற யாருக்காச்சும் தெரியுமா? யாராச்சும் செஞ்சிருக்கீங்களா? இருந்தா கை தூக்குங்க" என்றார். பத்தொன்பது பேர் இருந்தோம். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவள் பேனாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். உடற்பயிற்சி ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். நம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டால் இருபத்துமூன்று கை மேலே போகும். அந்த அறையில் ஒன்று கூடப் போகவில்லை. பிள்ளைகள் கூச்சப்படக் கூடாதென்று வருஷக்கணக்காகப் பாடுபட்ட பெரியவர்கள், தங்கள் கையை மடிக்குள் வைத்துக்கொண்டார்கள். தூ! இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது.

அப்போதுதான் கடைசி நாற்காலியில் உன் கை எழுந்தது. ஹுவாங்கின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. உன்னிடம் ஏதோ கேட்டார், நீ பதில் சொல்லவில்லை, கையையும் இறக்கவில்லை. கூட்டத்தை அவசரமாக முடித்துவிட்டு எழுந்து போனார். ஜனவரியில் உன்னைக் குளிரில் உட்கார வைத்தது அதற்குத்தான். என் வேலை அந்தக் கையால் மிஞ்சவில்லை, அது உனக்கும் தெரியும். ஆனால் நான் அந்த அறையை விட்டுத் தலை நிமிர்ந்து வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் இந்தத் தீவுக்கு வந்த பிறகும் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் கொரிய மொழியில், அதுவும் எங்கள் ஊர்ப் பேச்சில் வேகமாகக் கேட்டார். பேசாமல் உட்கார்ந்திரு என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவர் என்ன கேட்டார் என்று உனக்குப் புரிந்ததா, மோர்னா?

ஹேசுக் அக்கா


2012 மார்ச் 29

அக்கா,

உங்கள் கடிதம் வந்த அன்று தாசோமின் அப்பா பள்ளி வாசலில் எனக்காகக் காத்திருந்தார். ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தார். ஒரு பெட்டி நிறைய, தாள் தாளாகக் காய வைத்த பாசியை என் கையில் திணித்துவிட்டு, நான் தலை குனிந்து வணங்குவதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பாதி உங்களுக்கு. சனிக்கிழமைப் படகில் கொண்டுவருகிறேன், துறைக்கு வாருங்கள்.

தாசோம் ஐந்தாம் வகுப்பு. ஏழு பேர் இப்போது பத்துப் பேர். ஏப்ரலில் மறுபடி திறந்த வகுப்பு. புதிதாக வந்திருக்கும் டீச்சர் நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மென்று விழுங்கி, "மோர்னா டீச்சர், இங்க ஒரு வழக்கம் இருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். எனக்குத் தெரியும், எந்தக் கையைக் கூப்பிடக் கூடாது என்றும் தெரியும் என்றேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்.

அவர் பேசினதில் "கை" என்கிற ஒரு சொல்தான் எனக்குத் தெரிந்தது, தாசோம் சொல்லிக்கொடுத்தது. மற்றது ஒன்றும் புரியவில்லை. நீங்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள், எல்லாரும் கீழே பார்த்தார்கள். என் முறை வந்தது, தூக்கினேன்.

எந்தக் கை என்று நீங்கள் எழுதவே இல்லையே, அக்கா. மறந்துவிட்டீர்களா? இடது கை.

மோர்னா